இருபத்தோரு மடைகள்

முதலில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது. காலைப் பனியில் கால்வாயின் வளைவும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை.

"அருவியா சார்?" என்று கேட்டாள் ஆதிரை.

அவள் சார் என்று கூப்பிட்டது சொந்தத் தாத்தாவை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்து வந்து, முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கோதண்டம். பேத்திக்கு ஒன்பது வயது. தெரிந்த குடும்பத்தோடு திருச்சியிலிருந்து முதல்முறையாக வந்திருந்தாள். வந்து ஆறு நாள் ஆகிவிட்டது. இன்னும் நாலு நாளில் விமானம்.

"அருவி இல்லம்மா. லாக்," என்றார்.

பனி விலகியது. குன்றின் மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கருப்பு மரக்கதவுகள். அவற்றின் இடுக்குகளில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கல் தொட்டி. படகு உள்ளே போனதும் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்கதவின் அடியில் இருக்கும் மேல்மடையைத் திறந்தால் தொட்டி நிரம்பும், படகு உயரும். பிறகு மேல்கதவு வழியாக அடுத்த தொட்டி. அப்படி இருபத்தொன்று.

படகு பகவதியுடையது. எழுபதடி நீளம், ஏழடி அகலம். நாகர்கோவில்காரி. நர்ஸ் வேலையை விட்டுவிட்டுப் பன்னிரண்டு வருடமாகப் படகிலேயே குடியிருக்கிறாள். நிலைகொள்ளாதவர்கள் அவளைத் தேடி வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். என்ன கற்றோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்களில் வயதில் மூத்தவர் கோதண்டம். தன்னைவிட இருபது வயது சின்னவளை அவர் 'அம்மா' என்பார். அவள் 'அண்ணாச்சி' என்பாள்.

பேத்தியோடு மூன்று நாள் பயணம் வரட்டுமா என்று கேட்டபோது அவள் ஒன்றுதான் சொன்னாள். "பஸ்ஸை வீட்டுல விட்டுட்டு வாங்க."

அவர் விட்டுவிட்டு வரவில்லை. சுக்கான் கட்டையை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் திரும்பும். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது பிடிபடவில்லை. நேற்று மட்டும் மூன்று தடவை முள்புதருக்குள் போனார். தலையிலிருந்து இலையை எடுத்தபடி, "சார், ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்று கேட்டாள் ஆதிரை.

முதல் லாக்கில் படகு நுழைந்தது. கோதண்டம் கரையில் குதித்து கீழ்க்கதவைச் சாத்தினார், மேல்மடையைத் திறந்தார், உடனே மேல்கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்.

"ஒரு மணிக்குள்ள குன்று உச்சி," என்றார் கடிகாரத்தைப் பார்த்து.

கதவு அசையவில்லை. குதிகாலை ஊன்றித் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. அசையவில்லை.

படகின் பின்தட்டில் பகவதி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆதிரை தள்ளி நின்று வாத்து பார்த்தாள். கோதண்டம் தொட்டியின் விளிம்புக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். தினம் தோசை சுட்டுக் கொடுத்தேன். ஆறு நாளா சார்தான். வேற என்னம்மா செய்யணும்?"

"இப்ப என்ன செய்யுதீங்க?"

"தள்ளுறேன்."

"உள்தண்ணிக்கும் மேல்தண்ணிக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"இடுப்பளவு."

"ஒரு விரற்கடை இருந்தாலே யானை தள்ளினாலும் நகராது, அண்ணாச்சி. சத்தம் கேக்குதுல்லா? அது நிக்கிற வரைக்கும் கதவுல கை வைக்கக் கூடாது."

"அதுவரைக்கும்?"

"மடை திறந்திருக்கான்னு பாருங்க."

"திறந்தாச்சே."

"முழுசாவா?"

போய்ப் பார்த்தார். அவசரத்தில் பாதிதான் தூக்கியிருந்தார். இரும்புக் கைப்பிடியை மாட்டிக் கடைசிவரை சுற்றினார். இரைச்சல் பெருகியது. படகு குலுங்கி ஏறத் தொடங்கியது.

அவர் மரக்கையில் உட்கார்ந்தார். ஆதிரை வந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"உங்க அம்மா கல்யாணத்துக்கு நான் போகலை," என்றார்.

"தெரியும் சார்."

"பத்திரிகை தபால்ல வந்துச்சு. பிரிக்காமத் திருப்பி அனுப்பிட்டேன்."

"தெரியும். அந்தக் கவர் அம்மா பீரோல இருக்கு. மேல உங்க கையெழுத்து."

அவர் இரும்புக் கைப்பிடியைக் கையில் உருட்டினார். அதில் எழுதியிருந்ததை அவளே சொன்னாள். "இந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை."

"படிச்சியா?"

"யாருமே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அப்புறம் நான் யாரைத் தாத்தான்னு கூப்பிடுறது?"

கோதண்டம் கைப்பிடியைக் கீழே வைத்தார்.

"இருந்தேன். தபால்காரன் மணி அடிச்சப்போ கதவுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன். நான் எழுதினது பொய். தப்பு பண்ணிட்டேன் ஆதிரை."

"இதை அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. உன்கிட்டதான் முதல்ல."

அவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எப்போது என்று தெரியாமல் இரைச்சல் நின்றிருந்தது. ஒரு வாத்து மேல்கதவின் அந்தப் பக்கம் கத்தியது தெளிவாகக் கேட்டது.

ஆதிரை இறங்கி மரக்கையில் முதுகைச் சாய்த்தாள். சும்மா சாய்ந்தாள், அவ்வளவுதான்.

"நகருது. தாத்தா, நகருது. பிடிங்க, பிடிங்க."

தாத்தா பிடிக்க மறந்துபோனார்.

அதன் பிறகு குன்று அவர்களுடையது. மடை தூக்குவது அவர், சத்தம் நின்றுவிட்டது என்று கை உயர்த்துவது அவள், தள்ளுவது இருவரும். ஒன்பதாவது லாக்கில் நாயோடு நடந்துபோனவர் தொப்பியைக் கழற்றினார். பதினான்காவதில் மழை வந்து, நனைத்துவிட்டுப் போனது. கோதண்டம் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

இருபத்தொன்றாவது கதவு திறந்தபோது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. காலையில் பனிக்குள் நின்ற இடம் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. பகவதி ஹாரனை மூன்று முறை நீளமாக அடித்தாள். அடிவாரத்திலிருந்து வேறொரு படகு பதில் ஹாரன் கொடுத்தது. ஆதிரை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துக் கோதண்டமும் தூக்கினார்.

படகைக் கரையில் கட்டினார்கள். ஆதிரை அவருடைய போனில் திருச்சிக்குக் கூப்பிட்டாள். "அம்மா, இருபத்தொண்ணு. எல்லாத்தையும் நானும் தாத்தாவும் திறந்தோம். இரு, தாத்தா பேசுறாங்க."

பதினொரு வருடமாக மகள் கயல்விழியோடு அவர் பேசியதில்லை. இந்தப் பயணம்கூட மருமகன் வழியாக ஏற்பாடானது. போனைக் காதில் வைத்தார்.

"கயலு. அந்தக் கவர்ல எழுதினது பொய்ம்மா. நான் வீட்லதான் இருந்தேன். நான் செஞ்சது தப்பு."

வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் சத்தம் வந்தது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு பின்தட்டுக்கு ஓடினார்.

"அழுறாம்மா. என்ன சொல்லட்டும்? ஏதாவது சொல்லிக் கொடுங்க."

"மடை முழுசாத் திறந்தாச்சா?"

"திறந்துட்டேன்."

"அப்ப கதவுல இருந்து கையை எடுங்க, அண்ணாச்சி. சத்தம் நிக்கட்டும்."

பகவதி காலையில் பாதியில் விட்ட வெங்காயக் கூடையை மடிக்கு இழுத்து, உரிக்கத் தொடங்கினாள். கோதண்டம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, போனை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார்.