வாளிக்குப் பூச்சியம்

எட்டாம் வகுப்புக்கு அறிவியலில் ‘வேலை’ பாடம் நடத்திய மறுநாள் காலை, பயிற்சி ஆசிரியன் சுடலைக்கண்ணு தன் வழிகாட்டி ஆசிரியை சகாயமேரியின் மேசை முன் வந்து நின்றான்.

சகாயமேரி நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“சொல்லு.”

“நேத்து நான் வகுப்புல சொன்னது தப்பா?”

“என்ன சொன்னே?”

அவன் சொன்னான்.

ஒரு பொருளின் மேல் செலுத்தும் விசையையும், அந்தப் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது வேலை என்று போர்டில் எழுதியிருந்தான். பொருள் நகராவிட்டால் வேலை பூச்சியம் என்று அதன் கீழே எழுதிக் கோடும் போட்டிருந்தான். அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள்.

“சார், எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. சாந்துச்சட்டியைத் தலையில வச்சிக்கிட்டு சாரத்துக்குக் கீழ நிப்பாங்க. மேல இருக்க கொத்தனாரு கையைக் குடுத்து வாங்குற வரைக்கும் நிக்கணும். அதுவும் பூச்சியமா சார்?”

“தூக்கித் தலையில வைக்கும்போது வேலை. சும்மா நிக்கும்போது பூச்சியம்” என்றான் சுடலைக்கண்ணு.

“ஏட்டி, உங்கம்மா சைபராம்ட்டி!” என்றான் முதல் பெஞ்சு ஆன்டோ.

வகுப்பு சிரித்தது. பெல் அடித்துவிட்டது.

இன்று காலை இசக்கியம்மாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிட்டபோது அவளுக்காகப் பக்கத்தில் இருந்த பெண்தான் ‘உள்ளேன் ஐயா’ சொன்னாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சகாயமேரி சொன்னார். “நீ சொன்னது சரிதான்.”

“சரின்னா, அந்தப் பிள்ளை ஏன் டீச்சர் பின்னால போய் உட்காந்துச்சு?”

இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். ஆசிரியர் அறையின் மூலையில், கை கழுவுவதற்காக ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் கால்வாளித் தண்ணீர்.

“அதை எடு. கையை நேரா நீட்டிப் பிடிச்சிக்கோ. இந்த நோட்டு முடியிற வரைக்கும்.”

அவன் எடுத்து நீட்டிப் பிடித்தான். சகாயமேரி நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரு படத்தில் அம்புக்குறி திசை மாறியிருந்தது. அதை அழித்துவிட்டு நிதானமாகத் திரும்ப வரைந்தார்.

வரலாற்று ஆசிரியர் உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். “என்ன டீச்சர், பி.எட். தம்பிக்குப் பனிஷ்மெண்டா?”

“இல்ல சார். அவருக்கு ஒரு சந்தேகம்.”

முழங்கை நடுங்கத் தொடங்கியது. தண்ணீர் தளும்பிப் பேண்ட்டில் சிந்தியது. சகாயமேரி நோட்டை மூடினார்.

“கீழ வை. எவ்வளவு வேலை செஞ்சே?”

“பூச்சியம்.”

“கை ஏன் நடுங்குது?”

அவன் வாயைத் திறந்தான். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மனதுக்குள் புரட்டினான். அங்கே அது இல்லை.

“தெரியல டீச்சர்.”

“இதை அந்தப் பிள்ளைகிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம்.”

அவன் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்.

“எங்கப்பா மண்டியில மூட்டை தூக்குறவர் டீச்சர். ஒரு பக்கத் தோள் காய்ச்சுப்போயி கல்லு மாதிரி இருக்கும். எட்டாவது படிக்கும்போது நானும் இதே கேள்விய கேக்கணும்னு நெனச்சேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு கேக்கல. பரீட்சையில பூச்சியம்னுதான் எழுதினேன். ரெண்டு மார்க் போட்டாங்க.”

சகாயமேரி அடுத்த நோட்டை எடுத்தார்.

“வெள்ளிக்கிழமை உனக்குத் தேர்வு வகுப்பு இல்ல?”

“ஆமா டீச்சர்.”

அதுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து தேர்வாளர் வந்து கடைசியில் உட்கார்ந்து, அவன் வகுப்பு எடுப்பதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். தேறினால் பட்டம். தேறாவிட்டால் ஆறு மாதம் கழித்து அடுத்த அணியோடு திரும்ப எடுக்க வேண்டும். அவன் வீட்டில் அவனுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆறு மாதம் என்றால் என்ன, ஏன் என்று வீட்டில் விளக்கிச் சொல்லக்கூட ஆள் கிடையாது.

“வலது கை, இடது கை சொல்லிக் குடுத்துட்டியா?”

அவன் முகம் மாறியது.

பயிற்சி ஆசிரியர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. தேர்வாளர் முன் கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. தேர்வாளருக்கு மொத்த வகுப்பும் கை தூக்கியது போலத் தெரியும். ஆசிரியர் வலது கையாகப் பார்த்து எழுப்பினால் போதும்.

“எல்லாரும் செய்றதுதானே டீச்சர்.”

“நானும் செஞ்சிருக்கேன்” என்றார் சகாயமேரி. “இடது கை தூக்குற பிள்ளைங்களை எப்போ எழுப்புவே?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பெல் அடித்ததும் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியட். ‘எளிய இயந்திரங்களும் வேலையும்.’

தேர்வாளர் வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் மதிப்பெண் தாள். சகாயமேரி வாசலை ஒட்டி நின்றார். சுடலைக்கண்ணு பலகையும் கப்பியும் கயிறும் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தான். அந்த வாளியையும் கொண்டுவந்திருந்தான். ஆனால் மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தான்.

“நெம்புகோலுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.”

முப்பத்துநான்கு கைகள் எழுந்தன.

“கடப்பாரை சார்!” என்றான் ஆன்டோ.

“சாய்தளம்?”

“லாரியில டிரம் ஏத்துறதுக்குப் பலகை போடுவாங்கல்லா சார், அது!” என்றது இன்னொரு வலது கை.

தேர்வாளர் தலையசைத்து ஏதோ எழுதினார். எல்லாம் திட்டமிட்டபடி போனது.

“ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால், வேலை எவ்வளவு?”

எல்லாருக்கும் தெரிந்த பதில். முன்வரிசை முழுவதும் வலது கைகள். நடுவிலும் வலது கைகள். கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு கை முழுதாக எழாமல், முழங்கை மடங்கி, பாதியில் நின்றது.

இசக்கியம்மாள். இடது கை.

சுடலைக்கண்ணுவின் பார்வை ஆன்டோவின் வலது கைக்குப் போனது. திரும்பக் கடைசி பெஞ்சுக்கு வந்தது. தேர்வாளர் பேனாவோடு காத்திருந்தார்.

“இசக்கியம்மாள்.”

மொத்த வகுப்பும் திரும்பியது. அவள் மெதுவாக எழுந்தாள்.

“சார், நான் இடது கையைல்லா தூக்கியிருக்கேன்.”

“ஐயோ, சொல்லிட்டாளே!” என்றான் ஆன்டோ. வகுப்பு வெடித்துச் சிரித்தது.

தேர்வாளர் தன் முன்னால் இருந்த பெண்ணிடம் குனிந்தார். “இடது கைன்னா என்னம்மா?”

“தெரியாதவங்க இடது கை தூக்கணும் சார். பி.எட். சார்தான் சொன்னாங்க.”

தேர்வாளர் எழுதத் தொடங்கினார். நிறைய எழுதினார்.

சுடலைக்கண்ணுவின் விரல்களுக்குள் சாக்பீஸ் இரண்டாக முறிந்தது. வாசலைப் பார்த்தான். சகாயமேரி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

அவன் சாக்பீஸைக் கீழே வைத்தான். தன் இடது கையைத் தூக்கினான்.

சிரிப்பு நின்றது.

“எனக்கும் தெரியல இசக்கியம்மா. பொருள் நகரலன்னா வேலை பூச்சியம்னு புத்தகத்துல இருக்கு. அது சரிதான். ஆனா அப்புறம் ஏன் நிக்கிறவங்களுக்கு வலிக்குதுன்னு அன்னைக்கு நான் சொல்லல. எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்போ எல்லாரும் சேர்ந்து பாப்போம். ஆன்டோ, வா.”

மேசைக்கு அடியிலிருந்து வாளியை எடுத்துக் கொடுத்தான். ஆன்டோ கையை நீட்டிப் பிடித்தான்.

“இவ்வளவுதானா சார்?”

வகுப்பு எண்ணத் தொடங்கியது. இருபதில் ஆன்டோ சிரித்தான். முப்பதில் உதட்டைக் கடித்தான். நாற்பதில் காது சிவந்துவிட்டது.

“போதும் சார், கை கழண்டு விழுந்துரும்!”

“வேலை எவ்வளவு?”

“சைபர் சார். இல்ல சார். தெரியல சார்!”

“அப்போ இடது கையைத் தூக்குலே!” என்று யாரோ கத்தினார்கள்.

“எந்தக் கையையும் தூக்க முடியலலே!”

இந்த முறை ஆன்டோவும் சேர்ந்து சிரித்தான். அதற்குள் இசக்கியம்மாள், யாரும் கூப்பிடாமலே, முன்னால் வந்து நின்றிருந்தாள். வாளியைப் பார்க்கவில்லை. ஆன்டோவின் கையையே பார்த்தாள்.

“சார், வாளிதான் நகரல. உள்ள நகருது. இந்தச் சதை துடிக்குது பாருங்க. விட்டுவிட்டு இழுக்குது. இழுக்குது, விடுது, மறுபடி இழுக்குது.”

“அப்போ?”

அவள் யோசித்தாள்.

“பூச்சியம் வாளிக்குத்தான் சார். கைக்கு இல்ல.”

சுடலைக்கண்ணு அதை அப்படியே போர்டில் எழுதினான். கீழே அவள் பெயரையும் எழுதினான். பாடத்திட்டத்தில் இன்னும் இரண்டு பகுதிகள் மீதி இருந்தன. கப்பியைக் கையில் எடுத்தபோது நேரம் முடியப்போகிறது என்று தெரிந்தது. இசக்கியம்மாள் திரும்பிப் போகவில்லை. ஆன்டோ நகர்ந்து கொடுத்த இடத்தில் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சார், சாரத்துல இதை மாட்டி, சட்டியைக் கயித்துல கட்டி இழுத்தா, எங்கம்மா சுமந்துக்கிட்டு நிக்க வேண்டாம்ல?”

“வேண்டாம்.”

“அப்போ மேஸ்திரிகிட்ட கேக்கச் சொல்றேன். அவங்க கேக்க மாட்டாங்க. நானே போய்க் கேக்கேன்.”

பெல் அடித்தது.

மாலையில் சுடலைக்கண்ணு தேர்வாளர் கொடுத்த தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தான். சகாயமேரி வாங்கிப் படித்தார். மாணவர்களைப் பொய்யாகக் கை தூக்கப் பழக்கியது. பாடத்திட்டத்தை முடிக்காதது. கீழே ஒரு வரி: ஆறு மாதம் கழித்து மீண்டும் வகுப்பு எடுக்க வேண்டும்.

“முதல்ல எழுதியிருக்கிறது நியாயம்தான்” என்றார்.

“ஆமா டீச்சர். அது என் தப்பு. மறுபடியும் எடுப்பேன். எத்தனை தடவை சொன்னாலும் எடுப்பேன். வீட்டுலயும் நானே சொல்லிக்கிறேன்.”

சொல்லிவிட்டும் அவன் போகாமல் நின்றான்.

“இன்னும் என்ன?”

“ஒரு வருஷமா தம் கட்டித் தள்ளினேன் டீச்சர். வந்தப்போ நின்ன இடத்துலதான் இப்பவும் நிக்கிறேன். கணக்குப்படி பாத்தா பூச்சியம்தானே?”

சகாயமேரி தாளை மடித்து அவனிடம் கொடுத்தார்.

“இசக்கியம்மாள் இன்னைக்குக் காலையில எங்க உட்காந்திருந்தா?”

“கடைசி பெஞ்சுல.”

“பெல் அடிக்கும்போது?”

“முதல் பெஞ்சுல.”

அவர் அலமாரிக்கு மேலிருந்த மரத்தாலான மீட்டர் ஸ்கேலை எடுத்தார். தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

“போய் அளந்துட்டு வா.”