வயிறு தட்டும் நாள்

அல்லிக்குளத்து மீன்கள் அந்தக் கோடையில் வயிறு முட்டத் தின்றே மெலிந்துபோயின.

அதற்கு முன்பு அந்தக் குளத்தில் சாப்பாட்டுச் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. தலைச்சி என்ற கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி வளைந்திருக்கும். நீர்மட்டத்தில் மிதக்கும் பொடிப் பூச்சிகளை அவள் அள்ளிக் குடிப்பாள். கெளுத்தி மாமாவுக்கு வாய் கீழே, மீசை முன்னே. அடிச் சேற்றைத் தடவித் தடவிப் புழு எடுப்பார். இவர்களுக்கு நடுவே, பாசிக்கொடிகளுக்குள் வாழ்ந்தாள் செவ்வாலி. சிவந்த வால் உள்ள இளம் கெண்டை. பாசியைக் கொறிப்பாள், வாதாடுவாள், மறுபடி கொறிப்பாள்.

“நீ கொறிக்கிற பாசியில பாதி உன் பேச்சுக்கே செலவாகுது!” என்பார் கெளுத்தி மாமா.

“கேட்க ஆளில்லாத குளத்துல நான் பேசாம யார் பேசுறது மாமா?” என்பாள் அவள்.

அப்படி இருந்த குளத்துக்குத்தான் ஒரு நிர்வாகி வாய்த்தார்!

பெருந்தொண்டையார் என்பது அவர் பெயர். தவளை. அல்லி இலைமேல் உட்கார்ந்திருப்பார். பூவைத் தேடி ஈ வரும். நாக்கை நீட்டுவார், ஈ உள்ளே போய்விடும். அதற்குமேல் அவர் உடம்பில் ஒரு தசையும் அசையாது. ஆனால் கரைக்குப் போய்வந்தவர், குரலும் பெரிது. நிர்வாகம் பண்ண இதற்குமேல் என்ன வேண்டும் என்று மீன்களே அவரைத் தேர்ந்தெடுத்தன.

“மேலே ஒருத்தி, நடுவில் ஒருத்தி, கீழே ஒருத்தர்! என்ன ஒழுங்கீனம் இது?” என்று முதல் நாளே முழங்கினார் அவர். “இந்தக் குளத்தில் அதிகமாக இருப்பது எது?”

“தண்ணீருங்க,” என்றது ஒரு குஞ்சு.

“சேறு! அள்ள அள்ளக் குறையாத சேறு! இனி எல்லாரும் அடியில்தான் மேய வேண்டும். காலி வயிறு என்று ஒன்று என் குளத்தில் இருக்கக் கூடாது!”

மீன்களுக்குக் கை இல்லாததால் வாலைத் தட்டி வரவேற்றன.

திட்டம் நடக்கிறதா என்று பார்க்க ‘வயிறு தட்டும் நாள்’ என்று ஒன்று வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் மீன்கள் வரிசையில் நிற்கும். கொடுக்கன் என்ற நண்டு ஒவ்வொரு வயிற்றையும் தன் கொடுக்கால் தட்டுவான். ‘தொம்’ என்றால் நிறைந்த வயிறு. ‘டங்’ என்றால் காலி வயிறு. காலி வயிற்றுக்காரர் நாள் முழுக்க வெயில் சுடும் ஓரத் தண்ணீரில் நிற்க வேண்டும்.

தொம்! தொம்! தொம்! வாரா வாரம் எல்லா வயிறும் அதையே சொன்னது. சேற்றை விழுங்கினால் எந்த வயிறுதான் தொம் என்று சொல்லாது?

“ஆகா! பஞ்சம் ஒழிந்தது!” என்று இலைமேல் இருந்தபடியே மகிழ்ந்துபோனார் பெருந்தொண்டையார்.

கீழே நடந்ததோ வேறு. ஒருநாள் தலைச்சி வால் மேலே, தலை கீழே என்று சேற்றில் செருகி நின்றாள்.

“என்னக்கா, தலைகீழா நிக்கிற?” என்றாள் செவ்வாலி.

“பின்னே? வாய் மேல் பக்கமா இருக்கிறவ சேத்தைத் திங்கணும்னா வேற எப்படிடி நிக்கிறது? ஒரு வாய் திங்கிறதுக்குள்ள ஒன்பது குட்டிக்கரணம்!”

கெளுத்தி மாமா பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினார். “என் அடுப்படிக்குள்ள ஊரே வந்து நிக்குது. ஒரு புழு தலையைக் காட்டினா போதும், அத்தனை பேரும் பாயுறாங்க. கிடைச்சவனுக்கும் பாய்ஞ்ச களைப்பு, கிடைக்காதவனுக்கும் பாய்ஞ்ச களைப்பு!”

எல்லாரும் கிளறிய கிளறலில் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிட்டது. வெளிச்சம் உள்ளே இறங்கவில்லை. செவ்வாலியின் பாசிக்கொடிகள் வெளிறி அழுகின.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மழை பெய்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால், முட்டை சுமந்த மீன்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏறி வயலுக்குள் போகும். அங்கே நெல்லுக்கு நடுவே முட்டையிட்டால்தான் குஞ்சு பிழைக்கும். குளத்துக்குள் இட்டால் யார் வாயிலாவது போய்விடும். அவளுக்கு இதுதான் முதல் முட்டைப் பருவம். இந்நேரம் வயிறு முட்டையால் மெத்தென்று இருக்க வேண்டும். கல்லில் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். வந்தது சேறு. வெறும் சேறு!

நேரே அல்லி இலைக்குக் கீழே போய் நின்றாள்.

“அய்யா, ஒரு சந்தேகம்.”

“சந்தேகமா? வயிறு நிறைந்திருக்கிறதா, இல்லையா?”

“வயிறு நிறைஞ்சிருக்கு. நான்தான் குறைஞ்சிருக்கேன்!”

“வயிறு நிறைந்தவர் மெலிவதாவது! கொடுக்கன் தட்டிப் பார்த்திருக்கிறான் அம்மா.”

“உள்ளே போறதெல்லாம் உடம்பாகாது அய்யா! சேத்துல பாதிக்கு மேல மண்ணு. மீதியைத் தேடி அலையவே அது சரியாப் போயிடுது. அலைஞ்சது போக மிஞ்சினாத்தான் உடம்பு. உடம்புக்குப் போக மிஞ்சினாத்தான் முட்டை. எனக்கு முதல் மிச்சமே இல்லையே!”

“அலைவதா? நீந்துவது பொழுதுபோக்கு அம்மா! சாப்பாடு தானாக முன்னால் வரும், நாக்கை நீட்டினால் முடிந்தது. நான் நீட்டவில்லையா?”

“உங்களுக்கு வருதுன்னா அது அல்லிப் பூ செய்யுற உபகாரம்! எங்களுக்கு எந்தப் பூ பூத்திருக்கு?”

பெருந்தொண்டையார் பெருமையோடு தொண்டையை உப்பவைத்தார். “கேட்டாயா கொடுக்கா? நிர்வாகத்தை எதிர்த்து இத்தனை வாதம் பண்ண இவளுக்குத் தெம்பு இருக்கிறது. இதுவே திட்டத்தின் வெற்றி!”

கொடுக்கன் இரண்டு கொடுக்கையும் தட்டி ஆமோதித்தான்.

மறுநாளே புது உத்தரவு வந்தது. மீன்கள் மெலிவதாகப் புகார் வந்திருப்பதால், உடம்பு தேற, இனி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் குளத்தைச் சுற்றி நீந்திவர வேண்டும்!

கொஞ்ச நாளில் முதல் மழை பெய்தது. வாய்க்கால் சலசலத்தது. தலைச்சி முண்டி முண்டி மடைவாய் வரைக்கும் ஏறினாள். அங்கிருந்து உருண்டு வந்தாள். செவ்வாலி பல்லைக் கடித்துக்கொண்டு வாலை அடித்தாள். இரண்டாவது அடிக்கே வால் துவண்டது. தண்ணீர் அவளை ஒரு சருகைப் போலத் திருப்பிக் குளத்தில் தள்ளியது. அந்த மழையில் ஒரு மீன்கூட ஏறவில்லை.

இலைமேல் இருந்த பெருந்தொண்டையார் நெகிழ்ந்துபோனார். “பாருங்கள்! வாய்க்கால் திறந்திருந்தும் இந்தக் குளத்தை விட்டுப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு திருப்தி!”

செவ்வாலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வேறொன்று தோன்றியது.

“மாமா, அடியில மேயச் சொன்னாரே, எந்த அடின்னு சொன்னாரா?”

“சொல்லலையே.”

“அப்போ வாங்க. உத்தரவை ஒரு எழுத்துக்கூட மீறாம நடப்போம்!”

அன்றிலிருந்து குளத்து மீன்கள் எல்லாம் அல்லிக் கிழங்கின் அடியிலேயே மேய்ந்தன. கெளுத்தி மாமா மீசையால் தடவினார், தலைச்சி தன் பெரிய தலையால் முட்டினாள், குஞ்சுகள் பொடிப்பொடியாகக் கிளறின. ஒரு மத்தியானம் கிழங்கு வேரோடு கிளம்பி மிதந்தது. பூ வாடியது. ஈ வருவது நின்றது. இலை அழுகிப் பெருந்தொண்டையாரோடு உள்ளே அமிழ்ந்தது.

தொபுக்!

பிறகு அவர் பட்ட பாடு! கொசு அந்தக் கரையில் பறக்கும், இவர் இங்கிருந்து நீந்துவார். போய்ச் சேர்வதற்குள் கொசு இந்தக் கரைக்கு வந்துவிடும். வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்ததில் தண்ணீர்தான் உள்ளே போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை கொடுக்கன் வரிசையைத் தட்டி முடித்தான்.

“தலைவருக்கும் உண்டுல்ல?” என்று கேட்டாள் செவ்வாலி. “திட்டம்னா எல்லாருக்கும்தானே!”

கொடுக்கன் யோசிக்கிற பிராணி அல்ல. போய்த் தட்டினான்.

தொம்!

“நிறைந்த வயிறு!” என்று கூவினான்.

“தண்ணீர்டா, மடையா, தண்ணீர்!” என்று அலறினார் பெருந்தொண்டையார். “ஒரு கொசுவுக்காகக் காலையிலிருந்து குளம் முழுக்க நீந்தி எலும்பாகிக் கிடக்கிறேன்! தட்டினால் தெரியுமா அது?”

“அதென்னங்க அய்யா, நீந்துறது பொழுதுபோக்குதானே?” என்றாள் செவ்வாலி.

குளமே குலுங்கிச் சிரித்தது. தலைச்சி சிரித்த சிரிப்பில் கரை வரை அலை போனது.

பெருந்தொண்டையார் கரையில் ஏறி உட்கார்ந்து, வழிதவறி வந்த ஒரு ஈயைப் பிடித்து விழுங்கிய பிறகே வாய் திறந்தார். “நான் நேரில் இறங்கி ஆராய்ந்து கண்டுபிடித்தது என்னவென்றால், அவரவர் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் சாப்பிடுவதே சிறந்தது. இன்று முதல் இது என் புதிய திட்டம்! இனி முளைக்கும் அல்லிக்கு அடியில் யாரும் மேயக் கூடாது. வயிறு தட்டுவதும் ரத்து!”

“அப்போ நான் எதைத் தட்டுவது?” என்று விழித்தான் கொடுக்கன்.

கிளறல் நின்றதும் சேறு படிந்தது. வெளிச்சம் இறங்கியது. பாசி பச்சையாய்த் துளிர்விட்டது. செவ்வாலி அலையாமல் கொறித்தாள். முதலில் முதுகு திரண்டது. அப்புறம், ஒருநாள் கல்லில் உரசும்போது, வயிறு மெத்தென்று இருந்தது. பயந்து பயந்து இன்னொரு முறை உரசிப் பார்த்தாள். முட்டையேதான்!

பருவம் முடியும் தறுவாயில் பெரிய மழை பிடித்தது. வாய்க்கால் இரைந்தது. தலைச்சி முன்னால் பாய, செவ்வாலி பின்னால் ஏறினாள். பாதி வாய்க்கால் தாண்டும்போது, கரையிலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது.

“பாருங்கள்! எப்படி ஏறுகிறார்கள்! எல்லாம் என் வயிறு தட்டும் திட்டத்தின் பலன்!”

செவ்வாலியின் செவுள் துடித்தது. திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரலாமா? கேள்வி நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. ஆனால் திரும்பினால், இறங்கின தூரம் மறுபடி ஏற வேண்டும். அதற்கான தெம்பு எதிலிருந்து போகும் என்று அவளுக்குத் தெரியும்.

வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வாதத்தை அப்படியே விழுங்கிவிட்டு, வாலை ஓங்கி அடித்து, வயலுக்குள் ஏறினாள்.

வாய்க்குள் எவ்வளவு போகிறது என்று மட்டும் பார்த்து, அதைத் தேட எவ்வளவு செலவாகிறது என்று கேட்காத நிர்வாகம், ஊரையே வயிறு நிறையப் பட்டினி போடும்.