செவலைக் கோழி சாம்பலில் குளித்த கதை

அந்தக் காலத்தில் கோழிகளும் வாத்துகளைப் போலத் தண்ணீரில்தான் குளித்தன. சொன்னால் நம்ப மாட்டீர்கள். விடிந்ததும் வரிசையாக ஊருணிக்குப் போய், முங்கி எழுந்து, இறகைக் கோதிக்கொண்டு வந்தால்தான் அவற்றுக்கு இரை இறங்கும். உயிர்கள் எல்லாம் மனிதரோடு பேசிய காலம் அது. கோழிக்கு மட்டும் வாய் கொஞ்சம் கூடுதல்.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் குருவம்மா என்று ஒருத்தி, தன் வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழியும் ஒரு சேவலும் வளர்த்தாள். சேவலுக்கு மயிலை என்று பேர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போலத்தான் எப்போதும் நடப்பான். பத்துக் கோழிகளுக்கும் அவன்தான் மாமா. அந்தப் பத்தில் ஒருத்தி செவலை. செம்மண் நிறம், கெட்டிக்காரி, பிடித்தால் ஒரே பிடி. நான் பார்த்த, கேட்ட கோழிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான்.

கொல்லைக் கோடியில் ஒரு சாம்பல் குழி இருந்தது. குருவம்மா அடுப்புச் சாம்பலை அதில்தான் கொட்டுவாள். கோழி அடித்த நாளில் பிய்த்த இறகும் அதில்தான் போய் விழும். அதனால் எந்தக் கோழியும் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. அவர்களுக்கு அது சுடுகாடு. செவலையின் தாயும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தாள்.

ஓர் ஐப்பசி மாதம் குருவம்மா சந்தையிலிருந்து ஒரு கருங்கோழியை வாங்கி வந்து, வந்த அன்றைக்கே கூட்டுக்குள் விட்டாள். விருந்தாளி வந்த சந்தோஷத்தில் எல்லாரும் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். கருங்கோழி பாவம், நல்லவள்தான். ஆனால் அவள் தனியாக வரவில்லை. இறகுக்குள் செள்ளையும் கூட்டி வந்திருந்தாள். செள் என்பது எள்ளின் நுனியளவுகூட இல்லாத பூச்சி. பகலெல்லாம் கூட்டின் பலகை இடுக்கில் பதுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் ஊர்ந்து வந்து ரத்தம் குடிக்கும்.

சில நாட்களிலேயே கொண்டைகள் வெளுத்துவிட்டன. முட்டை இடுவது நின்றுபோனது. செவலை அப்போதுதான் ஒன்பது முட்டைகளின்மேல் அடை உட்கார்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மற்றவர்களைச் செள் கடித்தால் எழுந்து உதறலாம், இடம் மாறி உட்காரலாம். அடைக்கோழி எங்கே போவாள்? எழுந்தால் முட்டை ஆறிப்போகும். எழாவிட்டால் ரத்தம் வற்றிச் சாக வேண்டியதுதான்.

“மாமா, குருவம்மாகிட்டச் சொல்லிருவமா?” என்று கேட்டாள் செவலை.

மயிலை பதறிப்போனான். “வாயத் தொறந்த, எல்லாரும் தொலஞ்சோம்! சீக்குன்னு தெரிஞ்சா, செத்து வீணாப் போறதுக்குள்ள சட்டியில போட்டுருவா. வெறும் அழுக்குதான் இது. ரெண்டு வேள குளிங்க, போயிரும்.”

மாமா சொல்லுக்கு மறுசொல் ஏது? மழைக்காலத்தில் இரண்டு வேளைக் குளியல் நடந்தது. ஈர இறகோடு கூட்டுக்குள் போய் நடுங்கினார்கள். செள்ளுக்கு ஒரு குறையும் இல்லை, கோழிகளுக்குத்தான் மூக்கு ஒழுகியது. ஒருநாள் காலையில் கருங்கோழி எழுந்திருக்கவே இல்லை. “புது எடம், ஏங்கிப் போயிருச்சு போல” என்று சொல்லிக் குருவம்மா அவளைப் புதைத்தாள். ஏங்கிச் சாகவில்லை என்று கோழிகளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

செவலை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடைக்கோழிக்கு வேறு என்ன வேலை? குருவம்மா உடைந்த முறத்தில் சாம்பல் அள்ளிப் போகும்போது கூட்டு வாசலில் ஒரு கைப்பிடி சிந்திவிட்டிருந்தது. அன்று அந்தியில் இடுக்கிலிருந்து இறங்கிய செள்களில் பாதி, அந்தச் சாம்பலைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. சாம்பலில் இறங்கியவை இந்தப் பக்கம் ஏறவில்லை. காலையில் அவை தூசியோடு தூசியாகச் சுருண்டு காய்ந்து கிடந்தன. செவலை மறுநாளும் பார்த்தாள். மறுநாளும் அப்படியேதான்.

அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவைதான் எழுவாள். கொஞ்சம் இரை, ஒரு வாய் தண்ணீர், திரும்ப முட்டைமேல் உட்கார்ந்துவிட வேண்டும். அடை உட்கார்ந்த பத்தாம் நாள் உச்சிவெயிலில் செவலை எழுந்தாள். இரையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. நேரே சாம்பல் குழியை நோக்கி நடந்தாள்.

“ஏட்டி செவலை! ஒங்க ஆத்தா கெடக்க எடம்டி அது!” என்று கோழிகள் அலறின.

“எங்க ஆத்தாதான? என்னய என்ன, கடிச்சா தின்னுருவா?” என்றாள் அவள்.

பேச்சுதான் துணிச்சலாக வந்ததே தவிர, குழியின் விளிம்பில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே பாதி கருகிய இறகுகள் கிடந்தன. அவற்றில் சில செம்மண் நிறம். அவற்றைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். நகத்தால் சாம்பலைக் கிளறினாள், இறக்கையால் வாரி முதுகில் போட்டுக்கொண்டாள், ஒவ்வோர் இறகின் அடியிலும் சாம்பல் இறங்கும்வரை உருண்டாள். கடைசியில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு காலை நீட்டி, கண்ணை மூடி அசையாமல் கிடந்தாள்.

“போச்சு! செத்துட்டா!” என்று ஒன்பது கோழிகளும் ஒப்பாரி வைத்தன.

செவலை எழுந்து உடம்பை ஓர் உதறு உதறினாள். குபீரென்று சாம்பல் பறந்தது. “இன்னும் சாகல. எனக்கு எர மிச்சம் வச்சிருக்கீகளா, இல்லையா?” என்றாள்.

ஒப்பாரிச் சத்தம் கேட்டுக் குருவம்மா ஓடி வந்தாள். “அடிப் பாவி, என்ன கோலம்டி இது?”

மயிலை வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். செவலை ஒளியவில்லை. கழுத்தை நிமிர்த்திச் சொன்னாள்: “தாயி, எனக்குச் செள்ளு. இங்க எல்லாருக்கும் செள்ளு. கருங்கோழி செத்ததும் அதுலதான். அறுக்கணும்னா அறுத்துக்கோ. ஆனா பதினோரு நாள் பொறு, எங் குஞ்சு எறங்கட்டும்.”

குருவம்மா கூட்டுக்குள் கையை விட்டுப் பலகை இடுக்கைத் தடவினாள். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் சிவப்பாக ஊர்ந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “முன்னாடியே சொல்லக் கூடாதாடி? ஒன்ன அறுக்க எனக்குக் கை வருமா?” என்றாள்.

அன்றே கூட்டைப் பிரித்தாள். பழைய வைக்கோலைக் கொளுத்தினாள். பலகைகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி வெயிலில் காய வைத்து, இடுக்குகளைச் சாணியால் மெழுகி அடைத்தாள். அடைக்கூடையில் புது வைக்கோல் பரப்பி, சுற்றிலும் சாம்பல் தூவினாள். வேலை முடிந்தது என்று கையைக் கழுவப் போனவளைச் செவலை கூப்பிட்டாள்.

“ஒரு தடவ பத்தாது தாயி. செள்ளும் முட்ட போட்டுத்தான் வச்சிருக்கும். அது நாளைக்குப் பொரிக்கும், நாளக்கழிச்சும் பொரிக்கும். முட்டையப் பத்தி எனக்குத் தெரியாதா?”

குருவம்மா சிரித்துவிட்டாள். சிரித்தாலும் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை கூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தாள். கோழிகள் ஒவ்வொருத்தியாகக் குழியில் இறங்கினார்கள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மயிலையும் இறங்கினான். கொண்டைகளில் ரத்தம் ஊறத் தொடங்கியது.

இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் கூமுட்டை. குஞ்சுகள் நடக்கத் தொடங்கியதும் செவலை அவற்றை ஊருணிப் பக்கம் கூட்டிப் போகவில்லை. சாம்பல் குழிக்குத்தான் கூட்டிப் போனாள்.

சந்தையில் வாங்கிய கோழியைக் காலில் கயிறு கட்டிச் சில நாள் தனியே வைத்திருந்து, அதன் பிறகே கூட்டில் சேர்க்கிறோமே, அந்த வழக்கம் குருவம்மா ஆரம்பித்தது. அன்று முதல்தான் கோழி தண்ணீர்க் குளியலை விட்டுச் சாம்பலிலும் புழுதியிலும் குளிக்கிறது. குளிக்கும்போது நடுவில் காலை நீட்டிக் கண்ணை மூடி, பார்க்கிறவர் பதறும்படி செத்ததுபோல் கிடந்துவிட்டு, எழுந்து ஓர் உதறு உதறிக்கொண்டு இரை தேடப் போகிறது.