குடை கேட்ட காசித்தும்பை

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, குளிர்மலை முழுக்கக் கருவாலி மரங்கள்தான். அவற்றின் காலடியில் பெரணி, புல், பூச்செடி என்று நிற்க இடமில்லாத கூட்டம். கூட்டத்திலேயே பெரிய வாயாடி காசித்தும்பை. அப்போதெல்லாம் அவள் காய் மெல்லத்தான் திறக்கும். விதைகள் தாய் மடியிலேயே சொட்டும்.

ஒவ்வொரு குளிருக்கும் கருவாலி இலையெல்லாம் உதிர்த்துவிடும்.

"என்ன பெரியப்பா, திரும்பவும் மொட்டையா? எங்க மண்டை காயுது!"

"வெயில் உனக்கில்லடி. மண்ணுக்குள்ள கெடக்குற உன் பிள்ளைகளுக்கு."

"நல்லாத்தான் சமாளிக்கிறீங்க" என்று சிரித்தாள் காசித்தும்பை.

ஒருநாள் கொம்பையன் என்ற மரவெட்டி வந்தான். தோளில் கோடாலி, கூடையில் ஊசியிலைக் கன்றுகள். மரத்தடியில் குடியிருப்போரில் ஒருவராவது சம்மதித்தால்தான் அன்றெல்லாம் மரத்தில் கோடாலி இறங்கும். அதனால் காசித்தும்பையிடம் குனிந்து கேட்டான்.

"தாயி, இந்தக் கன்னு வளந்தா மொட்டையே ஆகாது. வருசம் பூரா குடை. பழசை வெட்டிட்டு நட்டுரட்டுமா?"

"மதினி, யோசிச்சுச் சொல்லு" என்று பெரணி கிசுகிசுத்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வெட்டிக்கோ."

கோடாலி இறங்கியது. "நீயா சொன்னே?" அவ்வளவுதான் கருவாலி கேட்டது. அப்புறம் மலையே அதிர ஒரு சத்தம்.

ஊசியிலை மரங்கள் மளமளவென்று வளர்ந்து கைகோத்துக்கொண்டன. நிழலென்றால் அப்படியொரு நிழல். காசித்தும்பையின் காய்கள் முற்றித் திறந்தன. விதைகள் மண்ணில் விழவில்லை; மெத்தை மெத்தையாய்க் குவிந்திருந்த ஊசிச் சருகில் விழுந்தன.

"அம்மா, மண்ணு எங்க?"

"கீழதான் கண்ணு, இறங்கு."

"அம்மா, இன்னும் விடியலையா?"

அப்போது உச்சிவெயில் நேரம்.

காசித்தும்பை நாலாபுறமும் பார்த்தாள். பெரணியைக் கூப்பிட்டாள். பதிலில்லை. புல்லைக் கூப்பிட்டாள். புல்லே இல்லை.

"அண்ணே, கொஞ்சம் விலகேன்! பிள்ளைக சாகுது!"

ஊசியிலை மரம் திகைத்துப்போய்க் குனிந்தது. "குடைதானே தாயி கேட்டே? எனக்கு மடக்கத் தெரியாதே."

கீழே குரல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. மிச்சம் ஒரே ஒரு காய். அது திறந்துவிடாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த வழியாய்ப் போன கொம்பையனின் கால் லேசாக உரசியது. பதறித் துள்ளினாள். காய் படாரென வெடித்தது. விதைகள் நிழலைத் தாண்டி, வெயில் விழும் பாதையில் போய் விழுந்தன.

"அம்மா, விடிஞ்சிருச்சு!"

அன்று தொட்டுத்தான், காசித்தும்பைக் காயைத் தொட்டால் வெடிக்கிறது. ஊசியிலைக் காட்டுக்குள் தேடினால் ஒரு பூ கிடைக்காது. வெளியே பாதையோரத்தில்தான் அவள் பிள்ளைகள் நிற்கிறார்கள், விரல் பட்டாலே பதறிக்கொண்டு.