நாலு தேசத்துக் கும்பிடு

"நான் எப்போதிலிருந்து பாடம் சொல்லலாம் அம்மா?" என்று கேட்டார் ஆதிமூலம்.

பண்ணையார் வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு வருஷம் தேசம் தேசமாகச் சுற்றி, எங்கெங்கே யார் யாரை எப்படி அடக்கி வைத்திருந்தார்கள் என்று படித்துவிட்டு மடத்துக்குத் திரும்பியிருந்தார். மடத்தின் தலைவி குருவம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் அந்த அம்மா சரி என்றால்தான் அங்கே பாடம் சொல்ல முடியும்.

"என்ன கத்துக்கிட்டீங்க?"

"மேல் கீழ் இல்லாத ஊரே இல்லை அம்மா. கும்பிடுதான் ஊருக்கு ஊர் வேற."

"எங்கே, காட்டுங்க."

மனுஷருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்த பக்கிரியை, "டேய், இங்க வா" என்று கூப்பிட்டார்.

பக்கிரிக்கு அறுபது தாண்டியிருக்கும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ருஷ்யாவில் குடியானவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிவான். கை தரையைத் தொடணும்."

பக்கிரிக்குத் தொப்பி ஏது? தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுக் குனிந்தார்.

"பிரான்ஸில் மண்டி போட்டு, கூப்பின கையைப் பிரபுவோட கைக்குள்ளே வைக்கணும்."

பக்கிரி மண்டியிட்டுக் கைகளை நீட்டினார். வாங்கப் போன ஆதிமூலம், அதில் சேறு இருப்பதைப் பார்த்து, "சரி, போதும்" என்று தன் கையை இழுத்துக்கொண்டார்.

"ஜப்பானில் பிரபுவோட பல்லக்கு போனால் நெற்றி மண்ணில் படணும். இன்னும் கீழே. ஆங், அப்படித்தான்!"

பக்கிரி தரையில் கையை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்தார்.

"கடைசியா, நம்ம ஊர்..."

சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் பக்கிரியின் துண்டு அக்குளுக்குப் போயிருந்தது. கை வாயைப் பொத்தியிருந்தது.

"இதுக்குச் சொல்லித் தர வேணாம் சாமி. எங்கப்பா காலத்துலேருந்து பழக்கம்."

குருவம்மா ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்களைத்தானே காட்டச் சொன்னேன்?" என்றார். "இவரைக் கூப்பிட்டப்பவே நான் தடுத்திருக்கணும். வேடிக்கை பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமா இருக்கு."

ஆதிமூலத்துக்கு முகம் எரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது தன் முதுகை வளைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே! பாடம் சொல்லும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

இரண்டு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கிரி பதறிப்போனார்.

"தப்பாப் பண்ணிட்டேனா சாமி? வேணும்னா முதல்லேருந்து செஞ்சு காட்டட்டுமா?"