ஐந்து கட்டம்

இரட்டைப்புளியங்குடியில் ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரியில் ஒரு துறை, அந்தத் துறையில் ஒரு பேராசிரியர், அவருக்கு மூன்று ஆராய்ச்சி மாணவர்கள். ஆக மொத்தம் நான்கு தலை. தலை நான்கும் நல்ல நிலையில்தான் இருந்தன; தினமும் எண்ணெய் வைத்துச் சீவினார்கள்.

பேராசிரியர் பெயர் சம்புலிங்கம். மாணவர்கள் மாசிலாமணி, சவரிராயன், இடும்பன். இவர்களில் அவசரம் இடும்பனுக்குத்தான். முனைவர் பட்டத்துக்கு ஏழு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தான். மாமனாராக வரப்போகிறவர் காத்திருந்து அலுத்துப்போய், கல்யாணப் பத்திரிகையில் ‘முனைவர் இடும்பன்’ என்றே எண்ணூறு பிரதி அச்சடித்துவிட்டார். ஆவணி பதினெட்டு முகூர்த்தம். அதற்குள் பட்டம் வந்தாக வேண்டும்.

“வரலைன்னா?” என்று இடும்பன் கேட்டான்.

“‘முனைவர்’ங்கிறத மை வச்சு அழிச்சா பத்திரிகை அசிங்கமாப் போயிரும், தம்பி. அதுக்கு ‘இடும்பன்’ங்கிறத அழிச்சிட்டு வேற முனைவரைப் பார்த்துக்கலாம்னு வீட்ல சொல்றாங்க” என்றார் மாமனார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

ஆராய்ச்சி இதுதான். பழைய மார்க்கெட் தெருவில் இருபத்து மூன்று கடைகள். யாருக்கு யார் சிநேகம் என்று கடைக்காரர்களைக் கேட்டு, ஆளுக்கு ஒரு புள்ளி வைத்து, சிநேகத்துக்கு ஒரு கோடு இழுத்துப் படம் போட வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் வந்து படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பட்டம்.

கேள்விப் படிவத்தில் ஒரே கேள்வி: ‘உங்கள் நினைப்பில் எப்போதும் இருக்கும் ஐந்து பேர் யார்?’ கீழே ஐந்து கட்டம்.

சம்புலிங்கம் மூன்று விதிகள் சொன்னார். கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவர் சொன்னதைச் சம்பந்தப்பட்டவரிடம் சரிபார்க்க வேண்டும். படமும் தெருவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

இடும்பன் மூன்றையும் வலது உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அழிந்துவிடக் கூடாதென்று ஒரு வாரம் ஸ்பூனால் சாப்பிட்டான்.

முதல் கடை தையல்காரர் ஜமால் பாயுடையது. அவர் மெஷினை நிறுத்தாமலே ஆறு பெயர் சொன்னார்.

“அஞ்சு கட்டந்தான் பாய் இருக்கு.”

“எனக்கு ஆறு பேர் இருக்காங்களே தம்பி.”

“ஒருத்தரை எடுத்துருங்க.”

“ஒரு கட்டத்தைப் போட்டுக்கயேன்.”

இடும்பன் பதறிப்போனான். கட்டம் கல்லூரியில் அச்சடித்தது. சிநேகம் ஜமால் பாய் சொந்தமாகச் செய்தது. எதை மாற்றலாம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அரைமணி நேரம் நின்றான். பாய் தொல்லை தாங்காமல், “சரி, கடைசிப் பேரை எடுத்துரு. எலக்கடை வெள்ளையம்மாகிட்ட சொல்லிக்கலாம்” என்றார்.

அடுத்தது பூட்டு ரிப்பேர் தனக்கோடி. அவர் நான்கு பெயரோடு நின்றுவிட்டார். ஐந்தாவதாக யாரும் நினைப்பில் இல்லை என்றார். பேராசிரியரும் மாணவர்களும் அவர் கடைமுன் கூடி ஆலோசித்தார்கள்.

“ஒரு கட்டம் காலி” என்றான் மாசிலாமணி.

“புதுசா ஒரு சிநேகம் பிடிக்க எத்தனை நாளாகும்?” என்றான் சவரிராயன்.

“எனக்கும் உனக்கும் ரெண்டு வருஷமாச்சு.”

“அவ்வளவு நாள் தாங்காது, ஆவணி வந்துரும்” என்றான் இடும்பன். பிறகு அவன் முகம் மலர்ந்தது. “ஐயா, ஜமால் பாய்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு!”

சம்புலிங்கம் அவன் தோளைத் தட்டினார். ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தட்டு.

ஆக வெள்ளையம்மா என்ற பெயர் தனக்கோடியின் ஐந்தாவது கட்டத்தில் ஏறியது. சம்பந்தப்பட்டவரிடம் சரிபார்க்க வேண்டும் என்பதால் இடும்பன் வாழை இலைக் கடைக்குப் போனான்.

“அக்கா, உங்களை ஜமால் பாய் கட்டத்துலேர்ந்து எடுத்துப் பூட்டுக்காரர் கட்டத்துல போட்டிருக்கோம். இனிமே நீங்க அங்கதான். ஒரு கையெழுத்து.”

வெள்ளையம்மா இலைக்கட்டைக் கீழே வைத்தாள். “எடுத்தாரா? என்னையவா? யாரு எடுத்தது?”

“பாய்தான். கடைசியில இருந்தீங்க.”

பதினெட்டு வருஷமாக அந்தத் தையல் கடைக்கு மதியச் சாப்பாட்டு இலை வெள்ளையம்மா கடையிலிருந்துதான் போகும். அன்று போகவில்லை. அவளே போனாள். ஒரு கை மட்டும் வைத்துத் தைத்திருந்த தன் ரவிக்கையை மெஷினிலிருந்து உருவிக்கொண்டு, “கடைசியிலயாம், கடைசியில!” என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். தனக்கோடியின் மனைவி வந்து, தன் புருஷன் நினைப்பில் எப்போதும் இருக்கும் அந்த வெள்ளையம்மா யார் என்று விசாரித்தது அதற்குப் பிறகு.

இடும்பன் தளரவில்லை. இன்னும் இருபத்தோரு கடை இருந்தது. ஒவ்வொரு கடையிலும் கேட்டதை மற்ற கடைகளில் போய் நிதானமாக, உச்சரிப்புப் பிசகாமல் வாசித்துச் சரிபார்த்தான். யார் யாரைச் சொன்னார்கள், யார் யாரைச் சொல்லவில்லை, யார் யோசித்துச் சொன்னார்கள் எல்லாம். மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தபோது தெரு அமைதியாக இருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை.

“ஆராய்ச்சிக்கு இப்படித்தான் ஒத்துழைக்கணும்” என்றார் சம்புலிங்கம்.

படம் அழகாக வந்தது. டீக்கடைச் சுப்புக்காளையைப் பத்தொன்பது பேர் சொல்லியிருந்ததால் அவர் புள்ளி நட்டநடுவில் விழுந்தது. படத்தைச் சுருட்டப் போகும்போது சவரிராயனுக்கு ஒரு கலக்கம் வந்தது.

“ஐயா, படத்துல சுப்புக்காளை நடுவுல இருக்காரு. தெருவுல கடைக்கோடியில இருக்காரு.”

நால்வரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு தெருவைப் பார்த்தார்கள். பிறகு இடும்பன் உள்ளங்கையைப் பார்த்தார்கள். மூன்றாவது விதி இன்னும் அழியாமல் இருந்தது.

“எதுவோ ஒண்ணு தப்பு” என்றான் மாசிலாமணி.

“படம் கணக்குப் போட்டு வரைஞ்சது. தெரு எப்படிப் போட்டது?”

“அது பாட்டுக்கு வளர்ந்தது, ஐயா.”

“அப்ப எது தப்புன்னு நான் சொல்லணுமா?” என்றார் சம்புலிங்கம்.

சுப்புக்காளை பால் வாங்கப் போயிருந்தார். நால்வரும் டீக்கடைத் தள்ளுவண்டியை, எரியும் அடுப்போடும் கொதிக்கும் பாய்லரோடும், தெருவின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து அடியில் கல் வைத்தார்கள். வழியில் இரண்டு பெஞ்சும் ஒரு பன் ஜாடியும் விழுந்தன. மாசிலாமணி சாக்பீஸால் வண்டியைச் சுற்றி ஒரு பெரிய புள்ளி வரைந்தான். சுப்புக்காளை பால்கேனோடு வந்து, கடை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தெரு மாறி வந்துவிட்டோமோ என்று பக்கத்துக் கடையில் கேட்கலாமென்றால் பக்கத்துக் கடைக்காரர் அவரோடு பேசுவதில்லை.

எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்தபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்ன வார்த்தைகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வண்டி பழைய இடத்துக்கே போனது. படம் மறுபடியும் தப்பானது. சிநேகமெல்லாம் முறிந்துபோனதில் கோடுகளும் செல்லாமல் போயின. தேர்வாளர் வர ஒரு நாள்தான் இருந்தது. இடும்பன் புதுப் படிவங்களை எடுத்துக்கொண்டு தனியாகத் தெருவுக்குள் போனான். பத்திரிகையில் தன் பெயர் மேல் மை கொட்டுவதுபோல் அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

“பாய், கடைசியா ஒரு தடவை. உங்க நினைப்புல எப்போதும் இருக்கிற அஞ்சு பேர்?”

ஜமால் பாய் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். “இப்ப ராத்திரி தூக்கத்துலகூட நாலு பேருதான்டா நினைப்புல இருக்காங்க. எழுது. சம்புலிங்கம், மாசிலாமணி, சவரிராயன், நீ.”

வெள்ளையம்மா அதே நாலைச் சொன்னாள். தனக்கோடி சொன்னார், அவர் மனைவி கேட்காமலே சொன்னாள். சுப்புக்காளை ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு அடைமொழி சேர்த்துச் சொன்னார். இருபத்து மூன்று படிவம், ஒரே நாலு பெயர். இப்படி ஒற்றுமையான தெருவை உலகத்தில் யாரும் அளந்திருக்க மாட்டார்கள் என்று சம்புலிங்கத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் ஐந்தாவது கட்டம் இருபத்து மூன்றும் காலி.

மறுநாள் காலை தேர்வாளர் ரங்கபாஷ்யம் பஸ்ஸில் வந்து இறங்கினார். தங்கச் சட்டமிட்ட கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. நாலு நிமிஷத்தில் படிவங்களைப் புரட்டி, “என்ன ஐயா இது? கடைசிக் கட்டமெல்லாம் வெறுமையா இருக்கு?” என்றார்.

நால்வரும் காலிக் கட்டங்களைப் பார்த்தார்கள். பிறகு அவரையே பார்த்தார்கள்.

இடும்பன் மெதுவாக அவர் கையைப் பிடித்தான். “ஐயா, கொஞ்சம் தெருவுக்கு வாங்க.”

கடைகடையாக அழைத்துப் போனான். “இவருதான் எங்களுக்கு இதுக்கெல்லாம் பட்டம் குடுக்க வந்திருக்கிறவரு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “பேரு என்ன?” என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் இருபத்து மூன்று கட்டமும் நிறைந்தன. ரங்கபாஷ்யத்தின் சட்டை கசங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் டீ.

“ஐயா, இப்ப நடுப்புள்ளி நாம அஞ்சு பேருதான்” என்றான் சவரிராயன்.

ஐந்து நாற்காலி வந்தது. தெருவின் நடுவில், சாக்பீஸ் புள்ளிக்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். படமும் தெருவும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். இடும்பன் உட்கார்ந்தபடியே ஒரு படிவத்தை நீட்டினான்.

“அண்ணே, உங்க நினைப்புல எப்போதும் இருக்கிற அஞ்சு பேர்?”

டிரைவர் வரிசையை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்தார். “பேரு தெரியாது தம்பி. ஆனா இனி சாகிற வரைக்கும் இந்த அஞ்சு மூஞ்சியும் மறக்காது.”

ரங்கபாஷ்யம் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். “போட்டாச்சு. பட்டம் குடுத்தாச்சு. நான் இந்த பஸ்ஸுலயே போயிர்றேன்” என்று எழுந்தார்.

நாலு பேரும் சேர்ந்து அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். “எழுந்திரிச்சா படம் தப்பாயிரும், ஐயா” என்றார் சம்புலிங்கம், மரியாதையோடு.

ஆவணி பதினெட்டாம் தேதி கல்யாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை எழுந்து வர முடியாததால் மணவறையைச் சாக்பீஸ் புள்ளிக்குக் கொண்டுவந்து போட்டார்கள். முன்வரிசையில் ரங்கபாஷ்யம் தாடியோடு தன் நாற்காலியிலேயே இருந்தார். பஸ் வேறு தெரு வழியாகப் போனது. எண்ணூறு பத்திரிகையிலும் ‘முனைவர் இடும்பன்’ அப்படியே பளபளத்தது. மாமனார் மண்டபத்தின் பெயரை மட்டும் மை வைத்து அழித்து, பக்கத்தில் கையால் எழுதியிருந்தார்: ‘பழைய மார்க்கெட் தெரு, நட்டநடு.’