திரும்பத் தரப்படாத படங்கள்

மாலை ஆறு மணி. மூன்று கேமராக்கள். அறிவிப்பாளர் பெயர் மங்களேஸ்வரி. 'மாலைச் சாளரம்' என்ற செய்தி நிகழ்ச்சி ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வெங்காய விலை, ஏரியின் நீர்மட்டம், பூச்சி மருந்து, கடைசியில் காணாமல் போனவர்களின் படங்கள்.

நிலையத்தில் டேப்புக்குப் பஞ்சம். ஒளிபரப்பு முடிந்ததும் அன்றையதை அழித்துவிட்டு அதே டேப்பில் மறுநாளையதைப் பதிந்து ஒளிபரப்புவார்கள். அழிப்பது மூலையில் இருந்த காந்தத்தின் வேலை. இந்த நிகழ்ச்சிக்கென்று இருந்த ஏழாம் எண் டேப் அதனிடம் நிறைந்து போகும், வெறுமையாகத் திரும்பும். ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சி முடிந்த கையோடு காசிமேட்டிலிருந்து மரியபுஷ்பம் வந்தாள். அவள் புருஷன் சவரிமுத்து மீன் லாரியில் ஏறிப் போனவன், திரும்பவில்லை. அன்றைக்குத்தான் அவன் படத்தைக் காட்டியிருந்தார்கள். அதை வாங்கிப்போக வந்திருந்தாள். படங்களைத் திருப்பித் தருவதில்லை என்பது நிலையத்தின் வழக்கம். தேடிப் பார்த்தார்கள், குப்பையோடு போயிருந்தது.

"கண்ணாலத்தப்போ எடுத்தது, அது ஒண்ணுதாம்மா இருந்துச்சி," என்றாள் மங்களேஸ்வரியிடம். "மூஞ்சி மறந்துருமோன்னு பயமா கீது."

மங்களேஸ்வரி தயாரிப்பாளரிடம் போய், அந்த ஒரு டேப்பை மட்டும் அழிக்காமல் வைக்கும்படி கேட்டாள். நாளைக்கு உன் மடியிலா பதிவது என்று அவர் கேட்டார். அவள் டேப்பைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு காந்தத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கையின் சூடு டேப்பை விட்டுப் போகவில்லை.

"ஒரு முகத்தை மட்டும் விட்டுவிடு," என்றது டேப்.

"விடலாம். பதிலுக்கு இன்னொரு முகம் முழுசாக வேண்டும். யாருடையது?" என்றது காந்தம்.

டேப் யோசித்தது. தனக்குள் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஒரே ஒருமுறை வந்தவர்கள். தினமும் வருகிறவள் ஒருத்திதான்.

"மங்களேஸ்வரியுடையதை எடுத்துக்கொள். அவள்தான் நாளைக்கும் வருவாளே."

காந்தம் அப்படியே செய்தது.

மறுநாள் ஒளிபரப்பில் மங்களேஸ்வரியின் குரல் தெளிவாக இருந்தது, முகம்தான் வெளிறியிருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் கல்யாண மாலையுடன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஊரெல்லாம் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தது. காசிமேட்டு டீக்கடையில் மரியபுஷ்பம் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் ஆறு மணிக்கு அவள் அந்தக் கடைக்கு வராத நாளில்லை.

ஒப்பனைக்காரர் பவுடரை அப்பி அப்பிப் பார்த்தார். மங்களேஸ்வரியின் முகத்தில் எதுவும் நிற்கவில்லை. தினமும் வணக்கம் சொல்லும் வாசல் காவலர், யாரைப் பார்க்கணும் என்று அவளிடம் கேட்டார். ஒப்பனை அறைக் கண்ணாடி அவளைக் காட்டாமல் அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டியது.

டேப் பதறிப்போனது. "அவள் முகத்தைத் திருப்பிக் கொடு."

"அழித்ததை நான் வைத்துக்கொள்வதில்லை," என்றது காந்தம்.

அடுத்த திங்கட்கிழமை நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பழையவள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

1994 நவம்பர் 18, மாலை. காணாமல் போனவர்கள் பகுதியில் ஒரு தாய் கொண்டுவந்த படம் காட்டப்பட்டது. பெயர் மங்களேஸ்வரி, வயது முப்பத்தொன்று, கடைசியாகக் காணப்பட்ட இடம் தொலைக்காட்சி நிலைய வாசல். படம் திரும்பத் தரப்படவில்லை.